காவல்காரியின் தழும்பு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள். கையில் போன் வைத்திருந்தவள் ஏதோ ஒரு ஆப்பில் ராஜா ராணித் தொடர்கதை எழுதுகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“ராணியோட காவல்காரிய எதுக்குடி திடீர்னு ஆம்பளையா மாத்துன?”

“மாப்பிள்ளையோட தங்கச்சி படிக்குதுடி. பொண்ணு பார்த்துட்டுப் போனதுலேருந்து ஒண்ணு விடாம படிக்குது.”

“படிச்சா என்ன?”

“ ‘ராணி ஏன் அண்ணி ஒரு பொம்பளை மேல ஆசைப்படுறா’ன்னு கேட்டுச்சு. அவங்கம்மாவும் பக்கத்துல இருந்தாங்க.”

“யாளி மேல ஏறி ராணி கொள்ளிடத்தையே பறந்து தாண்டுறா. அதைக் கேக்கலையா?”

“அது கற்பனைன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுது.”

எதிரே சிமெண்ட் லாரி வந்ததில் பஸ் ஒதுங்கி நின்றது. ஜன்னலோரத்தவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ராணி அவன்கூட சந்தோஷமா இருக்காளா?”

“கதைய முடிக்கணும்ல.” போனைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள்: “காவல்காரன் மணிக்கட்டுல இருக்குற சூட்டுத் தழும்ப மட்டும் எடுக்கலடி. அது உன்னோடது, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அதையும் எடுத்துடு. உன் நிச்சயத்தன்னிக்கு வாசல்ல நின்னு அவங்களுக்குச் சந்தனம் குங்குமம் நீட்டப் போறது இந்தக் கைதான்.”

போன் வைத்திருந்தவள் அந்த அத்தியாயத்தைத் திறந்தாள். பஸ் அரியலூர் ஸ்டாண்டுக்குள் திரும்புவதற்குள் தழும்பையும் அழித்துவிட்டாள்.