அமிர்தத்தின் கட்டைவிரல்

ராத்திரி மணி ஏழு. புவனகிரியிலிருந்து சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரை மேலேயே ஒரு மண் ரோடு போகிறதே, அது. ஒரு விளக்கு கிடையாது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு... கரண்ட் இருந்தால்தான் அதிசயம் என்றிருந்த வருஷம். கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் தேவசகாயத்தின் சகலை ஆரோக்கியராஜுக்கு நடந்தது. வாயால் சொல்லவில்லை. தாளில் எழுதிக் காட்டினார்.

டி.வி.எஸ். வண்டியில் போய்க்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. சிதம்பரத்தில் அவருக்கு ஸ்டாம்புக் கடை. லேசர் மிஷினில் ரப்பரைச் சுட்டு எழுத்து எடுப்பார். பையில் இருந்த ஸ்டாம்பில் எழுத்தே இல்லை. ஒரு பொம்பளையின் இடது கட்டைவிரல் ரேகை.

செய்யச் சொன்னவன் கண்ணாயிரம், மனைத் தரகன். தேவனாம்பட்டினத்து மீன்காரி அமிர்தம், சுனாமிக்குப் பிறகு கிடைத்த மனையை எழுதித் தர மாட்டேன் என்றாள். அம்மிக் குழவியால் அவள் கட்டைவிரல் இரண்டையும் நசுக்கினான். அப்புறம்தான் மடையனுக்கு உறைத்தது, இனி எதை மசியில் அமுக்குவது? அந்த ஆத்திரத்தில் கழுத்தை நெரித்து, சவுக்குத் தோப்பில் புதைத்தான். ஸ்டாம்புக் கடையில் டீ குடித்துக்கொண்டே இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

“பழைய பத்திரத்துல அவ ரேகை இருக்குது மச்சான். அப்படியே எடுத்துக் குடு.”

“என்னால ஆவாது கண்ணாயிரம். பாவம்யா.”

“ஆவாதா?” அவர் கையைப் பிடித்து மிஷினுக்குள் திணித்து, மூடியை மேலே வைத்து அழுத்தினான். “உன் விரல சுட்டா என்னா எழுத்து வருதுன்னு பாப்பமா?”

கை போனால் பிழைப்பு போச்சு. செய்தார்.

முதல் ஸ்டாம்பு தப்பாகிவிட்டது. படத்தை இடவலம் திருப்பிப் போட்டுச் சுட்டால்தான் தாளில் நேராக விழும். எழுத்தாக இருந்தால் ஸ்க்ரீனிலேயே தெரிந்திருக்கும். ரேகையில் எது நேர், எது தலைகீழ்? நடுக்கத்தில் திருப்பாமலே சுட்டுவிட்டார். குத்திப் பார்த்தால் சுழி எதிர்ப்பக்கம் போயிருந்தது. குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு இன்னொன்று சுட்டார். எப்போதும் டயர் எரிகிற நாற்றம் வரும். அன்று வந்தது, கோழியைத் தீயில் வாட்டும்போது வருமே... தோல் கருகும் வாடை. கரித்தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். கறுப்பு ஓடி முடிந்து, தண்ணீர் சிவப்பாக ஓடியது. குழாயை மூடிவிட்டார்.

கரையில் புல்லட் நின்றது. கண்ணாயிரம் செல்போன் வெளிச்சத்தில், ஆரோக்கியராஜ் கொண்டுவந்த மசிப் பேடில் ஒற்றி, தாளில் ஒரு குத்து குத்திப் பார்த்தான். அரைகுறையாக விழுந்தது.

“உன் பேடும் உன்னாட்டமே காஞ்சி கெடக்குது மச்சான்.”

ஆபீஸ் குமாஸ்தாக்கள் செய்கிற மாதிரி, ஸ்டாம்பை வாய்க்கு நேராகப் பிடித்து ‘ஹா’ என்று ஊதினான்.

ஸ்டாம்பு அவன் கையோடு திரும்பி, கழுத்தில் போய் உட்கார்ந்தது.

முதலில் சிரித்தான். பிடுங்கினான். பிடி மட்டும் கழன்று விழுந்தது. ரப்பர் கழுத்திலேயே... அமுங்கியது. காலை உதைத்ததில் புல்லட் சாய்ந்தது. தன் கழுத்தைத் தானே பிறாண்டினான். சதை நகத்தோடு வந்தது. மூக்கில் ரத்தம் கொப்புளித்தது. நாக்கு தாடைக்குத் தொங்கியது. ரொம்ப நேரம் ஆனது. அவளுக்கு ஒற்றைக் கைதானே... கடைசியில் கரும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். மடக்.

ஒற்றைக் கை. அதை நினைத்ததும்தான் ஆரோக்கியராஜுக்கு அந்த முதல் ஸ்டாம்பு ஞாபகம் வந்தது. தன் இரண்டு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடதைத் திருப்பினால் வலது. கடையில், குப்பைக் கூடையில் கிடப்பது அவளுடைய வலது கை.

சிதம்பரத்துக்கு வண்டியை விரட்டினார். ஷட்டரைத் தூக்கினார். டார்ச் அடித்து, கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார். ரப்பர்த் துண்டு, காகிதம், கரித்தூள்... அது இல்லை. தரையில் சாண் சாணுக்கு ஒரு கறுப்பு ரேகை. வாசலைப் பார்த்துப் போயிருந்தது.

புவனகிரியில் வீட்டுக்குள் நுழைந்து இரண்டு தாழ்ப்பாளும் போட்டார். பிரிசில்லா மெழுகுவர்த்தியோடு வந்தாள்.

“என்னங்க இது, கழுத்துல மசி?”

முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுவந்து, விரலால் தடவினாள்.

“மசி இல்லீங்க... உள்ள அமுங்கியில்ல இருக்குது.”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.