வாலில் வெட்டிய குறி

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் போதகர் அவர்களே, தந்தையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோரின், படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கும் மெயின் மாநிலக் கரையோரத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் நோலாவின் வணக்கம்.

வாசலுக்கு வெளியே ஒரு பெரிய மலர்வளையம் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கி வெளியே வைத்தவள் நான்தான். நமது படகுத்துறையை விலைக்குக் கேட்கும் கம்பெனி அனுப்பிய வளையம் அது. கொண்டுவந்த ஆள் இன்னும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். எல்டன் குரோலி கண்ணை மூடிவிட்டார், இனி இவர்கள் திங்கட்கிழமைச் சங்கக் கூட்டத்தில் துறையை விற்றுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூவை எல்டன் தலைமாட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நமது கூட்டுறவுச் சங்கத் தலைவர், கேப்டன் எல்டன் குரோலி! அவர் பெரிய படகு வைத்திருந்தாரா? இல்லை. நன்றாகப் பேசுவாரா? அதுவும் இல்லை. அவர் பேச எழுந்தால் பாதிப்பேர் காப்பி எடுக்கப் போய்விடுவோம். பிறகு எதனால் இன்று இந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை?

சினையுள்ள சிங்கி இறால் கூண்டில் ஏறினால், வாலில் முக்கோணமாக ஒரு குறி வெட்டிக் கடலில் விட்டுவிடுகிறோம். பிறகு சினை இல்லாமல் அகப்பட்டாலும், குறியைக் கண்டவர் அந்தத் தாய் இறாலை விற்கவோ தின்னவோ கூடாது. கோரின் கல்யாணத்தன்று என்ன நடந்தது? உலை கொதிக்கிறது, விருந்தாளிகள் பசியோடு இருக்கிறார்கள். கடைசி இறாலின் வாலில் மங்கலாக ஒரு குறி. பிடித்தது எல்டனேதான், படகில் கவனிக்காமல் விட்டிருக்கிறார். கோட்டும் சூட்டுமாக அதைத் தூக்கிக்கொண்டு துறைக்கு நடந்தார். புதிதாகக் குறி வெட்டி, நீரில் விட்டுவிட்டு வந்தார். மணப்பெண் சும்மா விடுவாளா?

"ஏம்ப்பா, என்னைக்கூட நீ இவ்வளவு பத்திரமா அனுப்பி வைக்கலையே" என்றாள்.

எல்டன் அன்று வெறும் உருளைக்கிழங்கைத் தின்றார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்த மோசமான வருடத்தை மறந்துவிட்டீர்களா? வாலடியில் ஒட்டிய சினையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கொடுங்கள், கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம் என்று வந்து நின்றது யார்? இதே கம்பெனி! எல்டன் முடியாது என்றார். அவர்கள் நம் இறாலை எடுக்க வரும் லாரியை நிறுத்திவிட்டார்கள். நாம் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று இறாலைக் கூவி விற்றோம். அவரைத் திட்டாதவர் யார்? இதே மண்டபத்தில் நம் தோழர் டாரில் எழுந்து கேட்டார்.

"எல்டன், உன் நல்ல பேரை இறால் மாதிரி வெண்ணெயில தொட்டுத் திங்க முடியுமாய்யா?"

எல்டன் காப்பிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முடியாதுதான். அதனாலதான் அது இன்னும் மிச்சமிருக்கு."

மிச்சமிருந்தது தோழர்களே! பக்கத்துத் துறைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்வேன். சினையைத் தேய்த்தவர்கள் அந்த வருடம் புது வண்டி வாங்கினார்கள். இன்று வெறுங்கூண்டைத் தூக்குகிறார்கள். நாம் இன்னும் கடலுக்குப் போகிறோம், நம் பிள்ளைகளும் போகிறார்கள். எல்டனுடைய நடத்தை போட்ட சோறு இது. இதை விலைபேச எவனுக்கும் உரிமை கிடையாது!

இறால் பழைய ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளர வளர, வாலில் உள்ள குறி தூர்ந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்துப் பிடிப்பவர் மறுபடி வெட்டினால்தான் அவள் பிழைப்பாள். எல்டன் காப்பாற்றிய பெயரும் அப்படித்தான். அவர் வெட்டிய குறி இனி தூர்ந்துகொண்டே வரும். அடுத்த வெட்டு நம் கையில் இருக்கிறது. அவர் குறி வெட்டிய கத்தியைக் கோரின் என்னிடம் கொடுத்திருக்கிறாள். நாளைக் காலை அது என் படகில் இருக்கும்.

திங்கட்கிழமைவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? துறையை விற்க மாட்டோம் என்பவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள். டாரில், முதல் கை உங்களுடையதா? நன்றி ஐயா.

போதகரே, ஜெபத்துக்கு முன் ஒரு நிமிடம். யாராவது அந்தக் கதவை அகலத் திறந்துவிடுங்கள். வண்டியில் இருப்பவரும் பார்க்கட்டும்.