எஞ்சின் அறையில் ஜெசிந்தா

தேத்தண்ணி தருவதென்றால் சீனி போடாமல் தாருங்கள், ஐயா. வெறுந் தேத்தண்ணியே போதும். இந்தக் கதிரையில் என்னால் தொடர்ந்து இருக்க முடியாது. இடைக்கிடை எழும்பி நடப்பேன். அதைப் பார்த்து நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இருந்தால் கால் விறைத்துவிடும், அவ்வளவுதான். நடந்தபடி சொன்னாலும் ஒழுங்காகத்தான் சொல்லுவேன்.

என் தங்கை ஜெசிந்தா எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். அவளுடைய மகன் றொபின்சன் இத்தாலியிலிருந்து வந்து பொலிஸில் உங்களிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவன் சொன்னவற்றில் பொய்யும் இல்லை. ஆனால் அவன் அந்த நேரம் இங்கே இருக்கவில்லை. இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது அவனுக்கு விளங்கியிருக்கும்.

என் பெயர் மக்தலேனா. கண்டக்குழியில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. என் புருஷன் அருளப்பு வள்ளம் வைத்திருந்தவர். நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெசிந்தாவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதபோது, மகனையும் கூட்டிக்கொண்டு என்னோடு வந்து இரு என்று நான்தான் சொன்னேன். தங்கையை வைத்துப் பார்த்தவள் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். உண்மையைச் சொன்னால் அவள்தான் என்னைப் பார்த்தாள்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, நெடுங்காலமாக இருக்கிறது. வலது காலில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துப் புண் ஆறுவதும் வெடிப்பதுமாக இருந்தது. ஜெசிந்தா நாள் தவறாமல் அதைக் கழுவி மருந்து கட்டுவாள். கண்ணும் மங்கல் என்பதால் ஊசி போடுவதும் அவள்தான். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, அடுத்த வீட்டு ரம்ஸியா வீட்டில் என்ன கறி என்று ஏதாவது கதை தொடங்குவாள். கதை முடியும்போது ஊசி போட்டு முடிந்திருக்கும்.

அந்த ஆவணியில் கொரோனா வருத்தம் எல்லா இடமும் பரவியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரடங்கு. தலவிலக் கோயில் பெருநாளுக்குச் சனம் இல்லை. கடலில் பட்டம் விட்டு விளையாட வருகிற வெள்ளைக்காரரும் இல்லை. வானொலியைத் திறந்தால் ஒரே கதைதான்: சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனம், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வந்தால் கடுமை. ஆலங்குடாவில் என்னைப் போல ஒரு சீனிக்காரர் இருமலோடு அம்புலன்ஸில் ஏறினார். அவருடைய வீட்டாருக்கு முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்குப் போவேன், கை கழுவுவேன், படலைக்குப் போவேன், திரும்பி வந்து கை கழுவுவேன். விரலைக் குத்திச் சீனி பார்ப்பேன். காரணமில்லாமல் கூடியிருக்கும். இன்னொரு விரலைக் குத்துவேன். சோளகக் காற்று வேறு ஓயாமல் வீசியது. கூரையில் மணல் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் எனக்கு ஊசி போட வந்தவளின் கை சுட்டது. நான் எழும்பிச் சுவரோடு போய் நின்றேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

“உங்களுக்கு வந்தாத் தாங்காது அக்கா,” என்றாள். “நான் அங்கால எஞ்சின் அறையில படுக்கிறன்.”

இதைக் கவனியுங்கள், ஐயா. அவளை நான் அனுப்பவில்லை. பாயையும் தலையணையையும் அவளே தூக்கிக்கொண்டு போனாள். வருத்தக்காரரைத் தனி அறையில் விடச் சொல்லித்தான் வானொலியிலும் சொன்னார்கள். தனிக் கோப்பை, தனிப் பீங்கான், தனிக் கழிவறை. அந்த அறை முற்றத்தின் பின்பக்கம் இருந்தது. அருளப்பு இருக்கும்போது வள்ளத்து எஞ்சினும் வலையும் வைக்கக் கட்டியது. கம்பி போட்ட சின்ன யன்னல் ஒன்று, இரும்புக் கதவு, தகரக் கூரை. கழிவறைக்கு ஒரு வாளி வைத்தேன். அங்கே மின்சாரம் இல்லாதபடியால் அவளுடைய போன் வீட்டில், என்னிடம் இருந்தது.

சொன்னது ஒன்றையும் நான் விடவில்லை. கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணியும் யன்னல் கட்டின் மேல் வைத்துவிட்டு முற்றத்தின் மறுகரைக்குப் போய் நிற்பேன். அவள் எடுப்பாள். வெறும் பாத்திரத்தை நீளத் தடி ஒன்றால் இழுத்தெடுத்து அவிப்பேன். ஊசியை நானே போட்டுப் பார்த்தேன். ஏலாது என்று இவ்வளவு காலம் இருந்துவிட்டேன், போட்டால் ஏலும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பொழுது சாய்கிற நேரம். நான் குசினியில் நின்றேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் வாசலில் ஜெசிந்தா. மாஸ்க் போட்டு, தலையைச் சீலையால் மூடி, கையில் மருந்துப் பெட்டியோடு நின்றாள். கால் தள்ளாடியது.

“அக்கா, புண்ணக் கட்டாம விட்டா அழுகிடும். காலை மட்டும் கதவுக்கு வெளியால நீட்டுங்க. நான் மற்றப்பக்கம் திரும்பி மூச்சு விடுறன்.”

“போ,” என்றேன். “போய்ப் படு.”

“ஒரு நிமிசம் அக்கா.”

“போ எண்டு சொல்றன்.”

அவள் போனாள். நான் பின்னால் போய், எஞ்சின் அறைக் கதவைச் சாத்தி ஆமைப்பூட்டைப் போட்டேன். திறப்பைக் கழுத்தில், செபமாலையோடு கோத்துக்கொண்டேன். காய்ச்சல்காரர் தாங்கள் செய்வது தெரியாமல் எழும்பி நடப்பார்கள். அவள் திரும்பவும் என் காலைத் தேடிக்கொண்டு வருவாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய குணம் அது. அதற்காகத்தான் பூட்டு. வேறு எதற்கும் இல்லை.

றொபின்சன் இத்தாலியிலிருந்து போன் எடுப்பான். “பெரியம்மா, அம்மாவைக் கொஞ்சம் கதைக்கச் சொல்லுங்க,” என்பான். கதைத்தால் இருமல் கூடும். அம்மா நித்திரை என்பேன். முகத்தையாவது காட்டச் சொல்வான். சிக்னல் இல்லை என்பேன். பிள்ளையைத் தூர தேசத்தில் வைத்துக்கொண்டு கலவரப்படுத்துவதில் என்ன பயன்?

ரம்ஸியா வேலியடியில் வந்து நின்று விசாரிப்பாள். தங்கமான பெண். அவளுடைய புருஷன் அஃப்ராஸ் ஓட்டோ ஓட்டுகிறவன். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற மெஷின் ஒன்றை எங்கேயோ வாங்கி எங்களுக்காகக் கொண்டுவந்தான்.

“தொண்ணூறுக்குக் கீழ வந்தாச் சுணங்கப்படாதாம் அக்கா,” என்றாள் ரம்ஸியா. “ஒரு சத்தம் குடுங்க. இவர் ஓட்டோவில ஏத்திட்டுப் போவார். எங்களுக்குப் பயமில்ல.”

அவர்களுக்குப் பயமில்லை. அவர்களுக்குச் சீனி இல்லை.

மெஷினைத் தடி நுனியில் கட்டி யன்னலால் விட்டேன். ஜெசிந்தா விரலில் மாட்டிக் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். நகம் நீலம் பாய்ந்திருந்தது. எழுபத்தொன்பது என்று நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்பதுக்கு ஏறும் என்று பார்த்தேன். ஏறவில்லை.

“எவ்வளவு அக்கா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள். ஒரு சொல்லுக்கும் மற்றச் சொல்லுக்கும் இடையில் மூச்சு எடுத்தாள்.

“நல்லா இருக்குது,” என்றேன்.

மெஷினை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. வேலியடிக்குப் போய் ரம்ஸியாவிடம் தொண்ணூற்றேழு என்று சொன்னேன். அந்த மெஷின் காட்டிய இலக்கம்தான் அது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

ஏன் ஓட்டோவைக் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். அவளைக் கொண்டுபோனால் அடுத்ததாகச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வீட்டுக்கு வருவார். என்னைப் பரிசோதிப்பார்கள், தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றுவார்கள். அங்கே நூறு பேர் இருமுகிற மண்டபத்தில், இந்தப் புண்ணோடு, இந்தச் சீனியோடு நான் எத்தனை நாள் தாங்குவேன்? ஜெசிந்தாவுக்கு ஒரு வருத்தமும் இல்லாத உடம்பு. ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தவளில்லை. இரண்டு பேரில் யாருக்கு ஆபத்துக் கூட என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். முற்றத்தில் நடந்து நடந்து யோசித்தேன். ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வந்தது.

மறுநாள் காலையில் அவள் கதவைத் தட்டத் தொடங்கினாள். பலமாக இல்லை. உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். நான் யன்னலுக்கு எதிரே, தூரத்தில் நின்றேன்.

“அக்கா, கதவைத் திறங்க,” என்றாள். “உங்களுக்குக் கிட்ட வரமாட்டன். நான் கடற்கரையில போய் இருக்கிறன். எனக்குக் காத்து வேணும்.”

அதையும் நான் யோசிக்காமல் விடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். சோளகக் காற்று அவ்வளவும் அங்கேதான் அடித்தது. ஆனால் மீன் வாடிக் குடிசைகளில் ஆட்கள் இருப்பார்கள். அவளை அந்தக் கோலத்தில் கண்டால் உடனே போன் எடுப்பார்கள்.

“வெயில் தாழட்டும் பார்ப்பம்,” என்றேன்.

“ஓம் அக்கா,” என்றாள்.

பிறகு திரும்பவும் தட்டினாள். என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வெளியே நிற்கவும் முடியவில்லை. வானொலியைக் கூட்டி வைத்தேன். பாத்திரங்களை இன்னொரு முறை அவித்தேன். ரம்ஸியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“பின்னால என்னமோ தட்டுற மாதிரிக் கேக்குது அக்கா.”

“தகரம்,” என்றேன். “காத்துக்கு அடிக்குது.”

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். பூட்டை அப்போதுதான் கண்டிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. என்னை நல்லவள் என்று நினைத்திருந்தாள். அப்படி நினைக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். இவ்வளவு காலம் அதை மனதில் வைத்து அழுந்தியிருக்கிறாள் என்று றொபின்சன் சொன்னபோது எனக்குக் கவலையாக இருந்தது.

மத்தியானக் கஞ்சியை யன்னல் கட்டில் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. தட்டுகிற சத்தமும் நின்றிருந்தது. நித்திரை, நல்லது என்று நினைத்தேன். வெயில் தாழ்ந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. நித்திரையாகக் கிடக்கிறவளை எதற்கு எழுப்ப வேண்டும்? விடிந்தபிறகு மாஸ்க் இரண்டு போட்டுக்கொண்டு போய்த் திறந்தேன். கதவு இலேசில் திறபடவில்லை. அவள் கதவோடு ஒட்டி நிலத்தில் கிடந்தாள். கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி உண்டு. முகத்தை அதிலே வைத்திருந்தாள்.

பூட்டைக் கழற்றி டெட்டோல் தண்ணியில் போட்டேன். அதன் பிறகுதான் ரம்ஸியாவைக் கூப்பிட்டேன். நித்திரையில் போய்விட்டாள் என்று சொன்னேன். றொபின்சனுக்கும் அதையே சொன்னேன். பீ.எச்.ஐ. வந்து இரண்டு பேரையும் பரிசோதித்தார். அவளுக்கு இருந்தது. எனக்கு இல்லை. நான் செய்தவை சரியென்று அன்றைக்கே உறுதியாகத் தெரிந்தது. இன்றைக்கும் உயிரோடு உங்கள் முன்னால் நடந்து திரிகிறேன் அல்லவா?

ஆக, பூட்டுப் போட்டது நான். இலக்கத்தை மாற்றிச் சொன்னது நான். அவள் காற்றுக் கேட்டபோது கொடுக்காதது நான். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள், வருத்தம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று. ஜெசிந்தா படலையைத் தாண்டவில்லை. சாமான் எல்லாம் அஃப்ராஸ்தான் கொண்டுவந்து வேலியில் கொழுவிவிட்டுப் போவான். நான் மட்டும் ஊசி மருந்து எடுக்கக் கிளினிக்குக்குப் போய் வந்தேன். வந்து நாலைந்து நாளில் உடம்பு காய்ந்தது, இரவெல்லாம் இருமினேன். ஜெசிந்தாதான் பக்கத்தில் படுத்து நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டாள். முற்றத்தில் காய்ந்த கருவாட்டின் மணம் ஒரு கிழமையாக எனக்கு வரவில்லை. சொதியில் உப்புமில்லை புளியுமில்லை என்று அவளை ஏசினேன். அவள் ருசி பார்த்துவிட்டு, எல்லாம் இருக்குதே அக்கா என்று சிரித்தாள். எனக்குச் சுகமாகி இரண்டு நாள் கழித்துத்தான் அவளுடைய கை சுட்டது.

சீனி கூடினால் அப்படியும் வரும், ஐயா. அது சீனிதான்.