தமிழர் இல்லாத டக்கார்

பாரிஸ் லா சப்பலில் ஒரு தமிழ் மரக்கறிக் கடையில், காசு கட்டும் வரிசையில், எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"இந்தச் சனி ஞாயிறு செனகலுக்குப் போவம். டக்காரில ஒரு தமிழ்ச் சனமும் இல்லையாம்," என்றார் மனைவி.

"ஒருத்தருமே இல்லையோ?"

"ஓம், அதுக்குத்தான் போறது. சனிக்கிழமை எண்டால் சீலை, நகை, ஆரோ ஒரு பெட்டையின்ர சாமத்திய வீடு. வீடியோக்குச் சிரிச்சே களைச்சுப் போனன்."

கணவன் கையிலிருந்த முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் டக்கார் போனதை ஆர் பாக்கிறது?"

"ஆரும் பாக்கத் தேவையில்லை."

"அதெப்பிடி? பிளாங்-மெனிலில இருக்கிற அண்ணை குடும்பத்தைக் கேப்பம். ஸ்தேனில இருக்கிற மச்சான் ஆக்களும் வருவினம். வீடியோக்காரத் தம்பியையும் கூப்பிடலாம்."

"நல்லது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ. பாரிஸில ஒரு தமிழ்ச் சனமும் இராது. நான் இஞ்சையே நிக்கிறன்."