மாப்பிள்ளை கொடுத்த மரியாதை

சட்டம் சரியில்ல, சட்டம் சரியில்லன்னு இந்தப் பட்டிமன்றத்துல எனக்கு முன்னாடி பேசினவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிட்டுப் போனார். மேசை பாவம்... அதை விட்டுடுவோம். நான் ஒரு கதை சொல்றேன். சின்னதுதான், ஆனா கொஞ்சம் நெடி அடிக்கும், பொறுத்துக்கங்க.

சேவுகப்பெருமாள்னு ஒருத்தர். சிங்கப்பூர்ல கிரேன் ஓட்டறவர். தங்கமான மனுஷன், ஒரே ஒரு பழக்கம்தான்... சிகரெட். அந்த ஊர்ல சிகரெட் பிடிக்கிறது லேசுப்பட்ட காரியமா? பஸ் நிக்கிற இடத்துல கூடாது. லிஃப்ட் பக்கம் கூடாது. மஞ்சக் கோடு போட்டு ஒரு கட்டம் வச்சிருப்பான், அதுக்குள்ள போய் நின்னு ஊதிக்கணும். நம்மாளு கொட்டற மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கட்டத்துக்குள்ள நிப்பார். கால் கட்டைவிரல்கூட கோட்டைத் தாண்டாது. எங்கேருந்து வந்துச்சு இந்த ஒழுக்கம்? அபராதத்துலேருந்து வந்துச்சு.

நம்ம ஊர்ல மட்டும் சட்டம் இல்லையா? இருக்குய்யா. பலகையே இருக்கு. பஸ் ஸ்டாண்டுல அந்தப் பலகைக்குக் கீழ நின்னுதான் பத்த வைக்கிறோம், அங்கதான் நிழல் இருக்குன்னு. அதோ... கடைசி வரிசையில ஒரு அண்ணன் கையைப் பின்னாடி கொண்டு போறார். பரவாயில்லண்ணே, நான் பார்க்கல.

சரி, கதைக்கு வருவோம். சேவுகப்பெருமாள் பொண்டாட்டி உமையாளுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி அவ அப்பா வீட்ல, தேவகோட்டைப் பக்கம். பொம்பளப் புள்ள. குறை மாசத்துல பொறந்தது, பூஞ்சை உடம்பு. மாப்பிள்ளை லீவு போட்டுட்டு ஓடி வந்து, மாமனார் வீட்லயே தங்கினார்.

இப்ப சிக்கல் எங்க வருது தெரியுமா? வாசல்ல மாமனார் சேர் போட்டு உட்கார்ந்திருக்கார். கொல்லையில மாமியார். தெருவுல இறங்கினா மாமனாரோட பங்காளிங்க. பெரியவங்க கண்ணு முன்னாடி சிகரெட் பிடிக்கலாமா? சேச்சே... மரியாதை என்ன ஆகறது? அதனால மாப்பிள்ளை ரூமுக்குள்ள போனார். கதவைச் சாத்தினார். நெடி வாசலுக்குப் போயிடக் கூடாதேன்னு ஜன்னலையும் சாத்தினார். பத்த வச்சார். அந்த ரூம்ல யாரு இருக்கா? பச்ச உடம்புக்காரி உமையாளும், தொட்டில்ல அந்தப் புள்ளையும்.

"ஏங்க... புள்ள இருக்குங்க."

"சத்தம் போடாத. மாமா காதுல விழுந்துடப் போகுது."

ரெண்டு நாள்ல புள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. நெஞ்சுக்கூடு உள்ள போய் உள்ள போய் வருது. தூக்கிக்கிட்டு ஓடினாங்க. டாக்டரம்மா பார்த்துட்டுக் கேட்டாங்க, "வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறது?"

மாமனாருக்கு ரோஷம் வந்துடுச்சு. "எங்க வீட்லயா? எங்க பரம்பரையிலேயே கிடையாதும்மா. மாப்பிள்ளையும் சிங்கப்பூர்ல வேலை பார்க்கறவர்."

சிங்கப்பூர்ல இருந்தா பிடிக்க மாட்டாராம். மாப்பிள்ளை தரையில டைல்ஸ் எப்படிப் பதிச்சிருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு நிக்கிறார். மாமியார் மெல்ல, "சாம்பிராணி போட்டோம், அதுவா இருக்குமோ?" டாக்டரம்மா சொன்னாங்க, "அதையும் போடாதீங்க. இன்னொரு தடவை இப்படி இழுத்தா புள்ளை தாங்காது."

வீட்டுக்கு வந்தாங்க. சாம்பிராணியை நிறுத்தினாங்க. கொசுவத்தியை நிறுத்தினாங்க. மிளகா தாளிக்கிறதைக்கூட நிறுத்தி, வீடே ரசமும் தயிரும்தான். எதை நிறுத்தல? சிகரெட்டை நிறுத்தல. ஏன்னா, அந்த வீட்ல சிகரெட்டே கிடையாதே.

மறுநாள் சாயந்தரம் புள்ளைக்கு லேசா இழுப்பு. மாப்பிள்ளைக்குக் கவலை தாங்கல. கவலை வந்தா என்ன பண்ணுவார்? கதவைச் சாத்திட்டுப் பத்த வச்சார்.

உமையாள் ஒண்ணும் சண்டை போடல. தொட்டில்லேருந்து புள்ளையைத் தூக்கினா. கதவை அகலமாத் திறந்தா. நேரா வாசலுக்குப் போய் அப்பா மடியில புள்ளையை வச்சா. பின்னாலயே புகையும் வந்துச்சு, புகைக்குப் பின்னால மாப்பிள்ளையும் வந்தார், கையில சிகரெட்டோட.

"அப்பா, இவ இனிமே உங்க மடியிலயே இருக்கட்டும். உங்க மாப்பிள்ளை உங்களுக்கு மரியாதை குடுக்கிறவர். உங்க மடியில இருந்தா அந்த மரியாதையில கொஞ்சம் இவளுக்கும் கிடைக்கும்."

மாமனார் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார்... "முதல் நாளே நெடி வந்துச்சும்மா. மாப்பிள்ளைகிட்ட அதைப் போய் எப்படிக் கேக்கறது?"

"புள்ள மூச்சு நின்னா, அப்ப எப்படிப்பா கேப்பீங்க?"

மாப்பிள்ளை சிகரெட்டைக் கீழ போட்டு மிதிச்சு அணைச்சார்.

எங்க அம்மாமாரே, ஐயாமாரே... இந்த மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சீங்க, சந்தோஷம். அவர் அங்க அபராதத்துக்குப் பயந்தார். இங்க மாமனாருக்குப் பயந்தார். பயப்படறதுல குறையே வைக்கல. அந்தப் புள்ளகிட்ட அபராத ரசீதும் இல்ல, நரைச்ச மீசையும் இல்ல. அப்ப அதுக்கு யாருய்யா பயப்படறது? இன்னும் கடுமையா சட்டம் வேணும், அந்த நாட்டுல இருக்கிற மாதிரி வேணும்னு கேக்கறோம். கேளுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ரூம் கதவைச் சாத்தினதுக்கப்புறம் எந்த நாட்டுப் போலீஸ் உள்ள வருவான்? உள்ள இருக்கிறவங்கதான் கேக்கணும்.

முதல் நாளே நெடி வந்தும் வாய மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே ஒருத்தர்... அவர்தான்யா நாம. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்க. மாப்பிள்ளையா இருந்தாலும் கேளுங்க, அப்பாவா இருந்தாலும் கேளுங்க. மரியாதை போனாப் போகட்டும். புள்ள மூச்சு விடட்டும்.