தாலியை ஆணியில் மாட்டிவிட்டு நீர்கொழும்புக்கு

பெயர்: கிருபாராணி. வயது: 47. கணவர் பெயர்: இன்னாசிமுத்து (காலமானவர்). முகவரி: கோவில் தெரு, உத்தனப்பள்ளி அருகில். தொழில்: ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலை. 28.07.2025 திங்கட்கிழமை முற்பகல் 11.30 மணிக்குச் சிறப்பு உதவி ஆய்வாளர் திருமதி சுகுணா அவர்கள் விசாரிக்க நான் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மகள் வின்சியுடன் வசித்து வருகிறேன். காணாமல் போனதாகப் புகாரில் சொல்லப்பட்டுள்ள நாகம்மா என்பவருக்கு வயது 51. விவசாயி நாராயணப்பனின் மனைவி. பதினோரு வருடங்களாக நானும் அவரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று பூ பிரிக்கிறோம். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எனக்கு நன்றாகப் புரியும்.

ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாததால் பூ போகாது. அதனால் புதன் முதல் ஞாயிறு வரை லீவு விட்டு, ஷெட்டுகளுக்கு மருந்து அடிக்கப் போவதாகப் பண்ணை முதலாளி சொல்லியிருந்தார். 22.07.2025 செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடும் நேரத்தில், பெங்களூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் கிங்ஸ்டன் போன் செய்தான். ஆபீசில் சேர்ந்து இலங்கைக்கு டூர் போவதாகவும், இரண்டு பேர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும், பாஸ்போர்ட் இருந்தால் நான்கு மணிக்குள் சொல்லும்படியும் கூறினான். ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கு விண்ணப்பித்தபோது எடுத்த பாஸ்போர்ட் என்னிடம் சும்மா கிடந்தது. நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அக்கா, இலங்கைக்குப் போலாமா?"

அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "போலாம். எங்கிட்ட பாஸ்போர்ட் இருக்குது" என்றார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் அனிதாவின் பிரசவத்துக்குப் போவதற்காக எடுத்தது. கடைசியில் அனிதாவின் மாமியார் போய்விட்டதால் ஆறு வருடமாகப் பீரோவிலேயே இருந்திருக்கிறது. இதைத் தவிர நான் அவரை மயக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவருடைய டிக்கெட்டை அவரே தன் சம்பளத்தில் எடுத்தார்.

அதன் பிறகு, நகை அதிகம் போட்டு வந்தால் ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்கள் என்று கிங்ஸ்டன் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். செயினையும் வளையலையும் வீட்டில் வைத்துவிடச் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

23.07.2025 புதன்கிழமை காலையில் நாராயணப்பன், மறுநாள் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தன் தம்பிகளுடன் ஒகேனக்கல் போய்விட்டார். மதியம் பஸ் ஸ்டாப்பில் வைத்து அக்கா அவருக்குப் போன் செய்தார். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் நானும் கேட்டேன். "கிருபாகூட வெளியூரு போறேன், ஞாயித்துக்கெழம வந்துருவேன்" என்றார். அவர், "ம்… மாட்டுக்குத் தண்ணி வெச்சியா?" என்றார். "வெச்சேன்" என்றதும் போன் வைக்கப்பட்டது. வெளிநாடு என்று அக்கா சொல்லவில்லை, அது உண்மை. எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை, அதுவும் உண்மை. இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு கிங்ஸ்டன் வீட்டில் தங்கி, 24.07.2025 வியாழக்கிழமை காலை விமானத்தில் ஏறி, மதியத்துக்குள் நீர்கொழும்பு என்ற ஊரில் கடற்கரையை ஒட்டிய விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் போன்கள் அங்கே வேலை செய்யவில்லை. விடுதி மேசையில் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தார்கள். அக்கா அதன் தண்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "முள்ளே இல்ல கிருபா, இத ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பிரிக்கலாம்" என்று சிரித்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு மாலை சுமார் ஐந்து மணிக்குக் கடலுக்குப் போனோம். அக்கா அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. அலை பெரிதாக இருந்ததால் நான் கரையிலேயே நிற்க, அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். அப்போதுதான் அவர் கழுத்தைக் கவனித்தேன். வெறுமையாக இருந்தது. 

"அக்கா, தாலி எங்க?"

"வீட்டுல, திம்மராயசாமி படத்து ஆணியில மாட்டிட்டு வந்தேன்."

"நான் செயினும் வளையலும்தான கழட்டச் சொன்னேன்?"

"நீ சொன்னதுக்குன்னு இல்ல" என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "முப்பத்திரண்டு வருசம், குளிக்கறப்பகூட கழட்டுனதில்ல. நாலு நாளு யாரு பொண்டாட்டியும் இல்லாம, யாரு அம்மாவும் இல்லாம சும்மா நாகம்மாவா இருந்து பாக்கலாம்னு தோணுச்சு. அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல கிருபா."

நான் கணவர் இறந்த அன்றைக்குத் தாலியைக் கழற்றியவள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாடு வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு சமாதானமாகிவிட்டோம்.

வியாழன் மாலை நாராயணப்பன் வீடு திரும்பி, சாமி படத்து ஆணியில் தாலி தொங்குவதைப் பார்த்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தாலியைச் சாமி முன்னால் கழற்றி வைத்துவிட்டுப் போனால், சாகப் போய்விட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என்னோடு வெளியூர் போவதாக அக்கா போனில் சொன்னதைப் பொய் என்று நினைத்து, எங்கள் போன்களும் கிடைக்காததால், மறுநாள் விடிந்ததும் அவர்கள் கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி வரும்வரை பொறுக்காமல், 58 வயதில், சர்க்கரை நோய் உள்ளவர், கயிற்றைப் பிடித்து அவரே இறங்கியிருக்கிறார். சேற்றைக் கையால் துழாவியிருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டது. ஊர் திரும்பி இதைக் கேட்டபோது நானும் அக்காவும் அழுதோம்.

அதன் பிறகு நான் அக்காவைக் கூட்டிப் போனது என் மகள் வின்சி மூலம் தெரிந்து, அவர்கள் மகன் ஹரீஷ்குமார் அம்மாவைக் காணவில்லை, நான்தான் கடத்திவிட்டேன் என்று புகார் கொடுத்திருக்கிறார். நான் மதம் மாற்றத்தான் கூட்டிப் போனேன் என்றும் ஊரில் பேசுகிறார்களாம். நான் பெற்ற மகளையே ஞாயிறு பூசைக்கு எழுப்ப முடியாதவள் நான்.

நாங்கள் 27.07.2025 மாலை திரும்பினோம். அவர்கள் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடாததால் அக்கா என் வீட்டிலேயே தங்கினார். இன்று காலை காவல் நிலையத்துக்கு வந்தபோது ஹரீஷ்குமார் என்னைத் தனியாக அழைத்து, "ஆன்ட்டி, ஏர்போர்ட்டுக்காக நீங்க சொல்லித்தான் கழட்டுனாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஊருல பேச்சு அடங்கிடும், அப்பா அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு, புகார நான் வாங்கிக்கறேன்" என்றார். அக்கா நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அதை நான் சொல்ல வாயெடுத்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "எனக்காகப் பொய் சொல்லாத கிருபா. நானாத்தான் கழட்டுனேன். போடறதா இருந்தா நானாத்தான் போட்டுக்குவேன்."

 மகனின் புகாரோடு நாராயணப்பன் கொண்டுவந்து கொடுத்த தாலி மேசை மேல் காகிதத்தில் இருந்தது. அவர் சுகுணா மேடத்திடம் கேட்டு அதை எடுத்துக்கொண்டு அக்காவின் கழுத்தருகே கொண்டுபோனார். அக்கா தலை குனியவில்லை. கையை நீட்டினார்.  நாராயணப்பன் கட்டுப் போட்ட கையால் அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். தெலுங்கில், "உயிரோட இருக்கியே, அது போதும்" என்றார்.

ஆகவே, நான் சொல்லித்தான் நாகம்மா தாலியைக் கழற்றினார் என்று எழுதினால் அது பொய். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரம் வரை தாலி அக்காவின் கைக்குள்தான் இருக்கிறது. நாராயணப்பன் அவர் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே எழுதியதைச் சுகுணா மேடம் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொன்னது இதில் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) இ. கிருபாராணி