கருப்பு மாத்திரை

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சின்னசேலம் தாண்டி எங்கள் பஸ் ஒரு மணி நேரமாக நின்றது. முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"குழந்த தள்ளிப்போட மாத்திர சாப்புடறேன்க்கா. ஒரே தலசுத்தல். நர்சம்மாவ கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான்னுது."

"அட்டையில கடைசியா கருப்பு மாத்திர இருக்குமே, ரத்தம் ஊறதுக்கு. அதையும் சாப்புடறியா?"

"அத எங்க வூட்டுக்காரரு முழுங்கிடறாரு. மறியலுக்குப் போறவருக்குத் தெம்பு வோணுமாம்."

"மயக்கம் உனக்கு, தெம்பு அவனுக்கா? உன் ஒடம்ப நீ பாத்துக்க வாணாமா? எங்கடி அந்த மவராசன்? நானே கேக்கறேன்."

இளையவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள்.

"அதோ, மரத்து மேல ஏறி நின்னு கத்திக்கினு இருக்காரே, அவருதான்."